கயிற்றின் மறுமுனை

முறையிட வந்தோர் அசைப்பதற்கென மணி கட்டி வைத்த மன்னனின் கதை தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவானது. திருவாரூரில் மனுநீதிச் சோழன்மீது வைத்துப் பெரியபுராணம் கூறும் அதே கதையை, அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சி செலுத்திய எல்லாளன்மீது வைத்துப் பாளிமொழி நூலாகிய மகாவம்சம் கூறுகிறது. தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றின் தாய் மணியை அசைத்ததும், மன்னன் தன் மகனையே அவ்வாறு தண்டித்ததும் யாவரும் அறிந்தவை. மகாவம்சம் அதனோடு சேர்த்துச் சொல்லும் வேறொரு நிகழ்ச்சி அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. கிழவியொருத்தி வெயிலில் உலர்த்தியிருந்த அரிசி, காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்துவிட்டது. நனைந்த அரிசியோடு வந்து அவளும் மணியை அசைத்தாள். மழை தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என எல்லாளன் கூறவில்லை. அவளது வழக்கைத் தீர்க்கும்பொருட்டு உண்ணாநோன்பு கிடந்தான் என்கிறது அந்நூல். பகைவனாகக் கொள்ளப்பட்ட ஒரு மன்னனைப் பற்றி எழுதும்போதும் அந்நூலாசிரியர் இதனை மறைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மணி தொங்கிய இடமும் நோக்கத்தக்கது. அது மன்னனின் படுக்கையின் தலைமாட்டில் தொங்கியது. முறையிட வருவோர் கைக்கு எட்டியது நீண்ட கயிறு மட்டுமே. அக்காலத்துக்கு அதுவும் ஒரு தொழில்நுட்பம்தான். கயிற்றின் ஒரு முனையில் இழுக்கும் கை. மறுமுனையில் உறக்கம் கலையும் ஒரு மனிதன்.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்து மலையேறும் வீதி கலஹாவுக்குச் செல்கிறது. அதற்கப்பால் தெல்தோட்டையும், இலங்கையில் வர்த்தக நோக்கில் தேயிலை முதன்முதல் பயிரிடப்பட்ட லூல்கந்துரத் தோட்டமும் உள்ளன. இப்பிரதேசத்து லயங்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. கொழும்பில் வேலைசெய்யும் மகனின் குரலும் மத்திய கிழக்கில் பணிபுரியும் மகளின் முகமும் அதன் வழியாகவே வந்து சேர்கின்றன. அதே கருவிக்குக் கேளாத சேவைகளும் வந்து சேர்கின்றன. சோதிடப் பலன், கிரிக்கெட் ஓட்ட விபரம், பாட்டு என ஏதோ ஒன்று, தவறுதலாக ஒரு பொத்தானில் விரல் பட்டதனாலோ அதுவும் இன்றியோ தொடங்கிவிடுகிறது. நாள்தோறும் சில ரூபாய்கள் கழிகின்றன. அது பற்றிக் கேட்பதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கத்தை அழைத்தால், முதலில் மொழிக்கொரு எண், பின்னர் தேவைக்கொரு எண், பின்னர் இசை, இசைக்கு நடுவே புதிய சேவை ஒன்றைப் பற்றிய விளம்பரம். தமிழுக்குரிய எண்ணை அழுத்திக் காத்திருந்தவர் இறுதியில் தமிழ் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்வதும் உண்டு. எவரையும் சேராமல் அழைப்பு அறுந்துபோவதும் உண்டு.

கழிந்தது மிகச் சிறு தொகை. எனினும், தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா. 2024இல் 1,350 ரூபா. அக்கணக்கில் வைத்துப் பார்க்கும்போது அச்சிறுமையும் சற்றே பருக்கும். ஆயினும், இழப்பின் அளவை மட்டும் கொண்டு இதனை மதிப்பிடுபவர் இதிலுள்ள அறப்பிரச்சினையைத் தவறவிடுவர். பேருந்தில் பத்து ரூபாயைத் தொலைத்தவர் அன்று மாலையே அதனை மறந்துவிடுகிறார். இவ்வாறு கழிக்கப்பட்ட பத்து ரூபாயை ஒரு மாதம் கழித்தும் சினத்தோடு பேசுகிறார். அச்சினம் எதைக் குறித்தது?

துன்பத்துக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் உதவுகிறது. மழையால் நேர்வது துன்பம். பிறர் செயலால் நேர்வது அநீதி. துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அநீதியைக் கேட்க வேண்டும். எல்லாளன் மழையையும் தன் காரியமாக ஏற்றுக்கொண்டான். தற்காலப் பெருநிறுவனம் தன் காரியத்தையே மழையாக்கிவிடுகிறது. “கணினியில் அப்படித்தான் காட்டுகிறது”, “சிஸ்டம் வேலை செய்யவில்லை” என்ற வாசகங்களை வங்கியிலும் தொலைபேசி நிலையத்திலும் கேளாதார் இலர். இவ்வாசகங்களுக்கு எழுவாய் கிடையாது. விலையை உயர்த்தியவர் இல்லை, விலை உயர்ந்திருக்கிறது. பணத்தைக் கழித்தவர் இல்லை, பணம் கழிந்திருக்கிறது. எவரோ ஒருவர் மேசையிலிருந்து எடுத்த தீர்மானம், கலஹாவை வந்தடையும்போது வானிலை அறிக்கையின் வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. அநீதியைத் துன்பமாக வேடமிட்டு அனுப்பும் இம்மாற்றமே அச்சினத்துக்குக் காரணம் எனல் வேண்டும்.

விளம்பரத்தை இதனோடு வைத்து நோக்கினால் நிலைமை மேலும் தெளிவாகும். தைப்பொங்கலும் தீபாவளியும் வருமுன்னரே நிறுவனங்கள் நல்ல தமிழில் வாழ்த்துக் கூறத் தொடங்கிவிடுகின்றன. வானொலியில் தாயின் குரலில் பேசுகின்றன; சுவரொட்டியில் அண்ணனாகச் சிரிக்கின்றன. “உங்களுக்காகவே நாம்” என்ற தோரணையில், தன்மை இடத்தில் நின்று உரையாடுகின்றன. விற்கும்போது அவை ‘நாம்’. கேட்கும்போது அவை ‘சிஸ்டம்’. விளம்பரம் பொய் சொல்கிறதா என்பதைப் பற்றி நிரம்பப் பேசப்பட்டுள்ளது. அதனினும் அடிப்படையான குறை வேறு. வாக்குக் கொடுப்பது என்பதற்குப் பொருளே, பின்னர் கேட்கப்படுவதற்குத் தன்னை ஒப்படைத்தல். கேட்கப்பட முடியாதவன் கொடுக்கும் வாக்கு பொய்யன்று. அது வாக்கே அன்று.

இந்த முகமின்மை கணினியோடு வந்ததன்று. சட்டத்தின் கண்ணில் கம்பனி ஓர் ஆள். அது தன் பங்குதாரரினின்றும் வேறான ஆள் என்பதை 1896இல் சலமன் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. உதைப்பதற்கு உடலும், நரகத்துக்கு அனுப்ப ஆன்மாவும் இல்லாத இத்தகைய அமைப்பிடம் மனச்சாட்சியை எதிர்பார்ப்பது எங்ஙனம் என்று, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தர்லோ பிரபு அங்கலாய்த்ததாகச் சொல்வர். மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் உடைமை அத்தகைய இலண்டன் கம்பனிகளிடம் இருந்தது. 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கதியும் இதனோடு தொடர்புடையது. நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்தை விட்டகலாது உழைத்த அவரை 1892இல் உரிமைக் கம்பனி பதவி நீக்கியது. வெளியேற மறுத்த அவர், அவ்வாண்டு மே மாதத்தில் நோயுற்று இறந்தார். கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கப்பட்டார். தோட்டத்தில் சர்வ வல்லமை படைத்தவராகத் தோன்றிய துரைக்கும் அசைப்பதற்கொரு மணி இருக்கவில்லை போலும்.

துரைக்கே இல்லையெனின், தொழிலாளிக்கு எங்ஙனம் இருந்திருக்கும்? கங்காணியிடம் கடன்பட்டு, அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டுக்குக் கட்டுண்டு தோட்டம் மாறிய காலம் 1921இல் சட்டப்படி முடிவுற்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், பாராளுமன்றம் என்ற கயிறும் அம்மக்களின் கைக்கு எட்டாததாயிற்று; எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை காத்திருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பெயர்ப்பலகைகள் மாறின. குறையைக் கேட்ட கணக்கப்பிள்ளை துரையைக் காட்டினார். துரை கொழும்பைக் காட்டினார். கொழும்பு உலகச் சந்தையைக் காட்டியது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அது வலுவான மறுப்பு. முகமுள்ள அதிகாரம் அத்துணை மேலானதா? பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் கைகட்டி நின்றவர்களுக்குத் துரையின் முகம் நன்றாகவே தெரிந்திருந்தது. கொழுந்தின் நிறை குறைந்ததெனச் செக்ரோலில் அரைப்பேர் எழுதிய கணக்கப்பிள்ளைக்கும் முகமிருந்தது. அம்முகம் உறவு பார்த்தது, சாதி பார்த்தது. இயந்திரமோ இவற்றைப் பாராது. வங்கியின் தன்னியக்கப் பணப்பொறி, தலைக்குட்டையை அவிழ்த்து நிற்கும்படி எவரையும் கேட்பதில்லை. தொழிலாளி ஒருத்தி தன் சம்பளத்தை எவருடைய ஏளனப் பார்வைக்கும் ஆளாகாமல் எடுத்துச் செல்ல முடிவது சிறிய விடுதலையன்று. பழைய முகங்களுக்காக ஏங்குவோர் அம்முகங்களின் எதிரே நின்றிராதவர்களே.

ஆகவே வேண்டப்படுவது முகமன்று. தீர்மானத்தை மாற்ற வல்லவரும், காரணம் கூறக் கடமைப்பட்டவரும், தவறெனக் கண்டவிடத்து இழப்பை ஏற்கத்தக்கவருமான ஒருவர் கயிற்றின் மறுமுனையில் இருத்தல் வேண்டும். தொலைபேசி அழைப்பை ஏற்கும் இளைஞர்களிடமும் இளம்பெண்களிடமும் இம்மூன்றும் இல்லை. அவர்களுக்குப் படித்துச் சொல்ல வாசகங்கள் தரப்பட்டுள்ளன. அழைப்பு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பது கணக்கிடப்படுகிறது. வாடிக்கையாளரின் சினம் அவர்கள்மீது கொட்டுகிறது. எளியவர் எளியவரையே ஏசும்வண்ணம் அமைந்த இந்த ஏற்பாட்டில், ஏச்சுக்கு உரியவர் காதில் ஒரு சொல்லும் விழுவதில்லை.

இயந்திரத்தின் நடுநிலைமையை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவைப் பிரித்தானியா கண்டது. அங்குள்ள அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் உப அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணினி முறைமையைப் புகுத்தியது. பணம் குறைகிறது என்று அது காட்டியதை ஆதாரமாகக் கொண்டு, 2015 வரையில் 900க்கும் மேற்பட்ட உப அஞ்சலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து, இல்லாத குறையை நிரப்பினர். உதவி இலக்கத்தை அழைத்தபோது, இத்தகைய கோளாறு வேறெவருக்கும் இல்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பலர் பின்னர் சாட்சியமளித்தனர். மாறான சான்று காட்டப்படாதவரை கணினி சரியாக இயங்கியதென்றே கொள்வது அந்நாட்டு நீதிமன்ற வழக்கம். மனிதன் தன் நேர்மையை நிறுவவேண்டும், பொறி நிறுவவேண்டியதில்லை! 2019இல் உயர் நீதிமன்றம் அம்முறைமையின் குறைகளை ஏற்றுக்கொண்டது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் இறந்துபோனோரும் உளர்.

கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு கலஹா போன்ற இடங்களில் எழுப்பும் வினாவும் இத்தகையதே. பழைய தராசின் முள்ளைக் கணக்கப்பிள்ளையின் விரல் அசைத்ததென்ற குற்றச்சாட்டு முன்னர் எழுந்ததுண்டு. இலக்கத்தில் காட்டும் தராசில் விரலுக்கு இடமில்லை. ஆனால், கூடைக்கும் ஈரத்துக்கும் இவ்வளவு கழிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர் யார் என்பதைத் தராசு சொல்லாது. விரலையாவது பிடிக்கலாம், தீர்மானத்தை எங்கே பிடிப்பது?

சட்டங்கள் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது நடைமுறைக்கு வருவது பின்தள்ளப்பட்டது. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் கயிறுகள் பல உண்டு. கைக்கு எட்டுபவை சிலவே.

பிரித்தானிய அஞ்சலதிபர்களின் வரலாற்றில் திருப்பம் ஏற்பட்டது நீதிமன்றத்திலன்று. 2009இல் ஃபென்னி கொம்டன் என்ற சிற்றூரின் மண்டபமொன்றில், ஒருவரையொருவர் அறியாத சிலர் கூடினர். தனக்கு மட்டுமே நேர்ந்ததென்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தது அனைவருக்கும் நேர்ந்திருந்தது. பத்து ஆண்டுகளின் பின் வழக்கில் வென்றபோது அவர்கள் 555 பேர். லயத்தில் அவ்வாறு கூடுவதற்கு மண்டபம் வேண்டியதில்லை. சுவர்கள் மெல்லியவை, ஒரு காம்பராவில் பேசுவது அடுத்ததில் கேட்கும். யாருடைய தொலைபேசியில் எவ்வளவு கழிந்தது, யாருக்கு அரைப்பேர் விழுந்தது என்பது விளக்கேற்றும் வேளைக்குள் லயமெங்கும் தெரிந்துவிடும். அதன்பின் படித்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுத் தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள்; கீழே பலர் ஒப்பமிடுவர், சிலர் பெருவிரல் பதிப்பர். கலஹாத் தபாற்கந்தோரில் அதனைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, பற்றுச்சீட்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள்.