காப்போரைக் காப்பது யார் கடன்?

இயற்கைத் துறைமுகம் என உலகம் போற்றும் திருகோணமலையில், கப்பல்களைப் புயலினின்று காக்க நிலமே அரணாய் நிற்கின்றது. அத்துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் நோயாளரைக் காத்து நிற்போருக்கு அரணாவது எது? இவ்வினாவை எம் குடும்பத்து நிகழ்ச்சியொன்று என்னுள் எழுப்பிற்று.

என் சின்னம்மா இம்மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில், ஒப்பந்த நிறுவனமொன்றின் கீழ்த் துப்புரவுப் பணி செய்தவர். ஒருநாள் கழிவுப் பையைக் கட்டுகையில், பயன்படுத்திய ஊசியொன்று அவர் விரலிற் குத்திற்று. ஈரலழற்சி 'பி' நோய்க்கான தடுப்பூசியை அவர் போட்டிருக்கவில்லை. வேண்டுமாயின் வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் முன்னரே கூறியிருந்தார். அக்காசோ மகளின் ரியூசனுக்குப் போயிற்று. ஆறு மாதத்தின் பின் செய்த இரத்தப் பரிசோதனையில் நோயில்லை எனத் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் அவர் தம் தேநீர்க் குவளையைத் தனியே வைத்திருந்தார்.

பொருளியலாளர், ஒரு பொருளுக்கு மக்கள் எவ்வளவு கொடுக்க விரும்புவர் என்று வினவி அதன் மதிப்பை அளப்பர். திட்டமிடுவோர்க்கு இம்முறை பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் இவ்வினாவைச் சுகாதார ஊழியரிடம் வினவுங்கால், வைத்தியர் கூறும் தொகையும் துப்புரவுத் தொழிலாளி கூறும் தொகையும் ஒன்றாயிரா. அவ்வேறுபாடு உயிராசையின் வேறுபாடன்று, பணப்பையின் வேறுபாடே. என் சின்னம்மாவிடம் கேட்டிருப்பின் மிகச் சிறு தொகையே கூறியிருப்பார். அதனால் அவர் தம் உயிரைச் சிறிதாக மதித்தார் எனல் பொருந்துமா?

ஆபத்தோ சிறிதன்று. தொற்று மிக்க ஈரலழற்சி 'பி' நோயாளரின் குருதி படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி பெறாதோருள் நூற்றுக்கு 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். எச்.ஐ.வி. தொற்றிலோ இது ஆயிரத்துக்கு 3 பேர் அளவினதே. ஆயினும் முன்னையதற்கு 1981 முதல் தடுப்பூசி உண்டு. இலங்கையிற் குழந்தைகளுக்கு அது 2003 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றது. அதற்கு முன் பிறந்து இன்று பணிபுரிவோர், தனியே போட்டுக்கொண்டாலன்றிக் காப்பற்றவரே.

தன்னைக் காப்பது தன் கடனென்றும், இலவசமாய் வருவது மதிக்கப்படாதென்றும் சிலர் வாதிப்பர். முதற்கூற்றில் உண்மையுண்டு, எனினும் இவ்வாபத்து ஊழியர் தாமே தேடிக்கொண்டதன்று, பிறர்க்காற்றும் பணியோடு வருவது. போர்க்களம் செல்லும் வீரனிடம் கேடயத்தின் விலையை எவரும் கேட்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு விதி, குருதியோடு ஊடாடும் தொழிலாளர்க்கு இத்தடுப்பூசியை வேலைகொள்வோரே இலவசமாக அளித்தல் வேண்டும் என்றது. சந்தையைப் போற்றும் நாடே இவ்வாறு விதித்தது கருதத்தக்கது.

இரண்டாம் கூற்றுக்கு நம் நாட்டு அனுபவமே விடை கூறும். 2021 சனவரி 29இல் கோவிட் தடுப்பூசி இங்கு ஆரம்பிக்கப்பட்டபோது, சுகாதார ஊழியர் முன்வரிசையில் நிறுத்தப்பட்டனர். எவரிடமும் விலை கேட்கப்படவில்லை. இலவசமென்பதால் அதன் மதிப்புக் குன்றவுமில்லை. அச்சம் பொதுவாயிருந்தபோது செலவும் பொதுவாயிற்று. அச்சம் ஒரு தொழிலாளியின் விரல் நுனியளவிற் சுருங்கும்போது மாத்திரம் செலவு அவர் தலையிற் சுமத்தப்படுவது எந்த நீதி?

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனின்று பணிபுரிவோனையும் ஒரு கூறாகவே வைக்கின்றது. அவன் மருத்துவத்துக்குப் புறம்பானவன் அல்லன், அதன் உறுப்பே. உறுப்பைக் காக்கும் செலவு மருத்துவத்தின் செலவேயன்றி அவனது சொந்தச் செலவாகாது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பாகுபாடு சம்பளப் பட்டியலுக்கு உரியது; ஊசிமுனை அதனை அறியாது.

ஒன்று மட்டும் கூறல் வேண்டும். செலவைச் சமூகம் ஏற்குமாயின், தக்க காரணமின்றித் தடுப்பூசியை மறுக்கும் உரிமை ஊழியருக்கும் குறைகின்றது. அவர் உடல்நலத்தை நம்பி நோயாளர் பலர் உள்ளனர். கடன் இருபாற்பட்டது. ஆயினும் முதலில் நிறைவேற்றப்பட வேண்டியது சமூகத்தின் கடனே. எவ்வளவு கொடுப்பீர் என்று அவரிடம் வினவுமுன், அவர்க்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டியவராயுள்ளோம் என்று நம்மை நாமே வினவுதல் தகும்.