அன்பும் பற்றும்



அன்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். "உன்மீதுள்ள அன்பினால்தான் தடுக்கிறேன்" என்கிறார் தந்தை. "அன்பிருந்தால் எங்களை விட்டு அயல்நாடு போவாயா?" என்கிறார் தாய். மகன் தனிக்குடித்தனம் சென்றால், "எங்கள் அன்பை மறந்தான்" என வருந்துகிறோம். இவ்விடங்களில் நாம் உண்மையிற் கருதுவது யாது? "நீ எம்முடைய பொருள், எம் கையெல்லை கடவாதே" என்பதன்றோ?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், பரிக்கிரகத்துக்கு 'மூர்ச்சை' என்றே இலக்கணம் வகுத்தார். மூர்ச்சையாவது 'எனது' என்னும் மயக்கம். பொன்னுக்கும் நிலத்துக்கும் அளவு வகுத்துக்கொள்ளும் நாம், மக்கள்மேல் கொண்ட 'எனது' என்பதற்கு அளவு வகுப்பதில்லை. அதே அத்தியாயம் நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு மகிழும் பிரமோதம், துன்புறுவோர்பால் காருண்யம், அறிவுரைக்கு இணங்காதார்பால் வெறுப்பற்ற மாத்தியஸ்தம். இந்நான்கனுள் ஒன்றிலேனும் 'எனது' என்பதற்கு இடமில்லை.

இதற்குக் கல்லில் அமைந்த சான்றொன்று உண்டு. நாம் வாழும் மதுரைச் சிம்மக்கல்லுக்கு மேற்கே சில கல் தொலைவில் கீழக்குயில்குடிச் சமணர் மலை உள்ளது. அங்கே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர், பாகுபலி திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு திருமேனியை அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று வட்டெழுத்துக் கல்வெட்டு அறிவிக்கிறது. ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம், வடக்கே வள்ளிமலை எனப் பல மலைகளில் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்முனிவர் மனை துறந்தவர். முதுமையில் துணையாவான் என்று எந்தத் தாயும் எண்ணத்தக்க மகன்! அத்தாயோ, மகன் சென்ற நெறிக்கே தம் பொருளை ஈந்தார். தம்மை 'அச்சணந்தி தாயார்' என்றே குறித்தார். ஆயினும் செய்வித்தது மகனின் உருவமன்று, உலகோர் அனைவரும் வணங்கும் திருமேனி. தாய்மை அங்கே அழியவில்லை, விரிந்தது.

"பற்றில்லையேல் இல்லறம் எங்ஙனம் நடக்கும்?" என்று கேட்கலாம். காய்ச்சலுற்ற குழந்தைக்காக இரவெல்லாம் விழித்திருப்பது காருண்யம், அது வேண்டும். வளர்ந்த பின்னர், "விழித்தோமே, எம் சொற்படி நட" என்று கணக்குக் காட்டுவது வாணிகம், அது வேண்டா. பெற்றோரைப் பேணும் கடமை மக்களுக்கு உண்டு. ஆயின் அதனை அவர்கள் உவந்து செய்தலே அறம். கடனாக வசூலித்தல் அறமன்று.

எழுபதைக் கடந்து, தொலைபேசி மணிக்குக் காத்திருப்போர்க்கு இஃது எளிதன்று. நாமும் அதனை அறிவோம். எனினும் அடுத்த முறை அழைப்பு வரும்போது, "எப்போது வருவாய்?" என்று தொடங்காமல், "நீ நலமா? உன் பணி எவ்வாறுள்ளது?" என்று தொடங்குவோம். முதல் வினா நம்மைப் பற்றியது, இரண்டாவதே அன்பு.

வளர்க அருகன் திருவறம்!