இசைவும் கையொப்பமும்: மருத்துவ ஒப்புதலில் நோயாளியின் உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அறுவை மருத்துவத்திற்கு முன் நோயாளியிடமோ அவருடைய உறவினரிடமோ ஒரு தாளில் கையொப்பம் பெறுவது மருத்துவமனைகளின் வழக்கம். ஒப்புதல் படிவம் எனப்படும் இத்தாள், சட்டத்தின் நோக்கில் நோயாளியின் உரிமையைக் காக்கும் ஆவணமாகும். நடைமுறையிலோ, பின்னாளில் வழக்கு எழுந்தால் மருத்துவமனையைக் காக்கும் ஆவணமாகவே அது பெரிதும் கருதப்படுகிறது. இம்முரண்பாட்டிலிருந்து சில வினாக்கள் தோன்றுகின்றன. இசைவு வழங்கும் உரிமை யாருக்கு உரியது? அன்பின் பெயரால் அவ்வுரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ளலாமா? பொருள் விளங்காமல் இட்ட கையொப்பம் இசைவாகுமா? இவ்வினாக்களை இந்தியச் சட்டத்தின் துணைகொண்டு அறவியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெறும் உரிமையும் முடிவு செய்யும் உரிமையும்

இந்தியாவில் நோயாளியின் உரிமைகள் ஒரே சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை அல்ல. அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர் வாழும் உரிமையிலிருந்தும், நுகர்வோர் சட்டத்திலிருந்தும், மருத்துவ ஒழுக்க விதிகளிலிருந்தும் அவை படிப்படியாக உருவாயின. விபத்தில் அடிபட்டவருக்குக் காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டாமல் உடனே மருத்துவம் அளிக்க வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்று 1995இல் தீர்ப்பளித்தது. தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை மேற்கு வங்கத்தின் அரசு மருத்துவமனைகள் பல, இடமில்லை என்று திருப்பி அனுப்பியதை 21ஆம் உறுப்பின் மீறல் என்று 1996இல் அறிவித்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், நோயாளி தம் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய சாசனம் நோயாளிக்குரிய 17 உரிமைகளைத் தொகுத்துரைத்தது.

இவ்வுரிமைகளை இருவகையாகப் பகுக்கலாம். அவசர மருத்துவம், பதிவேடுகள், கட்டண விவரம் போன்றவை பெறும் உரிமைகள். மருத்துவத்தை ஏற்பதும் மறுப்பதும் முடிவு செய்யும் உரிமை. முதல்வகை உரிமைகள் மறுக்கப்படும்போது அக்குறை எவர்க்கும் புலப்படும். இரண்டாம் வகை உரிமை மறுக்கப்படும்போது பெரும்பாலும் எவர்க்கும் புலப்படுவதில்லை. காரணம், அது கொடுமையின் வடிவில் அன்று, அக்கறையின் வடிவில் மறுக்கப்படுகிறது. இதனாலேயே அது தனித்து ஆராயத்தக்கதாகிறது.

2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மருத்துவ இசைவு குறித்து உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த வழக்கின் தீர்ப்பு 2008 சனவரியில் வெளிவந்தது. வழக்கின் நிகழ்வு 1995ஆம் ஆண்டுக்குரியது. மாதவிடாய்க் குருதிப்போக்கு நீடித்ததால் மருத்துவம் நாடிய 44 வயதுடைய, மணமாகாத பெண் ஒருவர், வயிற்றை உள்நோக்கிக் கருவியால் ஆராய்வதற்கான படிவத்தில் கையொப்பமிட்டார். தேவைப்பட்டால் வயிறு திறக்கப்படலாம் என்ற குறிப்பும் அப்படிவத்தில் இருந்தது. அவர் மயக்க நிலையில் இருந்தபோது, உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றார். அப்பெண்ணின் கருப்பையும் சூலகங்களும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. மயக்கம் தெளிந்து எழுந்தவர், தாம் கேட்டறியாத ஒன்று தம் உடலில் நிகழ்ந்துவிட்டதை அறிந்தார்.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. சோதனைக்கு அளித்த இசைவு உறுப்பை அகற்றுவதற்கான இசைவாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும். வயது வந்த, தெளிந்த அறிவுடைய ஒருவர் சிறிது நேரம் மயக்கத்தில் இருப்பதால் அவருடைய தாய்க்கு அவ்வுரிமை வந்துவிடாது என்பன அத்தீர்ப்பின் சாரம். மருத்துவர் நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டார் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. கட்டணத்தை மறுத்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் நியூயார்க்கில் இதனையொத்த வழக்கு ஒன்று எழுந்தது. மயக்க நிலையில் சோதனை மட்டும் செய்ய இசைந்த பெண்ணின் கட்டி அகற்றப்பட்டது. வயது வந்த, தெளிந்த மனமுடைய ஒவ்வொருவர்க்கும் தம் உடலில் என்ன செய்யப்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை உண்டு என்னும் கருத்தை 1914இல் நீதிபதி கார்டோசோ அவ்வழக்கில்தான் முன்வைத்தார். இரு வழக்குகளிலும் கொடியவர் எவரும் இல்லை என்பது கருதத்தக்கது. நல்லெண்ணம் இருந்தது, மருத்துவ அறிவும் இருந்தது. 1995ஆம் ஆண்டு நிகழ்வில் கையொப்பமும் தாயின் அன்பும் உடனிருந்தன. உரியவரின் இசைவு மட்டுமே இல்லை. ஏனைய அனைத்தும் கூடினும் அவ்விடத்தை நிரப்ப இயலாது என்பதே இவ்வழக்குகள் உணர்த்தும் உண்மையாகும்.

உடன் நிற்பவரின் இடம்

2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளுள் ஒன்று அறுவைக்கு முன் எழுத்து வடிவில் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. ஒப்புதல் தருவோராகக் கணவர் அல்லது மனைவி, சிறாராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் ஆகியோரைக் கூறிய பின்னரே நோயாளியைக் கூறுகிறது. நோயாளி இறுதியில் வைக்கப்பட்டுள்ள இவ்வரிசைமுறை சமூக வழக்கின் எதிரொலி எனலாம். இதற்கு மாறான நோக்கு, இவ்விதிகளுக்கு 30 ஆண்டுகளுக்கு முற்பட்ட சட்டம் ஒன்றில் காணப்படுகிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், வயது வந்த, மனநலமுடைய பெண்ணின் இசைவை மட்டுமே கேட்கிறது. கணவரின் இசைவை அது கேட்கவில்லை. ஆயினும் கணவரின் கையொப்பம் இல்லாமல் மருத்துவம் செய்யத் தயங்கும் போக்கு இன்றும் நிலவுகிறது. சட்டம் வழங்கியதை வழக்கம் பறித்துக்கொள்கிறது.

குடும்பத்திற்கு இதில் இடமே இல்லையா என்ற வினா இங்கு இயல்பாக எழும். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நாற்கூறாகப் பகுக்கிறது. உடனிருப்பவரை மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணிய இப்பகுப்பு, நோய் தனிமனிதரோடு முடிவதன்று என்னும் உண்மையை ஏற்கிறது. ஆயினும் நால்வகையும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வைக்கப்படவில்லை. ஒவ்வொன்றற்கும் நான்கு இயல்புகளை வகுக்கும் பரிமேலழகர், உடனிருப்பவர்க்கு அன்பையும் தூய்மையையும் அறிவையும் சொன்னவண்ணம் செய்யும் ஆற்றலையும் கூறுகிறார். நோயாளிக்காக முடிவு செய்யும் அதிகாரம் அவற்றுள் இல்லை. நோயின் நிலையை எடுத்துரைத்தலை அவர் நோயுற்றவனுக்கே உரிய இயல்பாகக் கொள்கிறார்.

இதனைக் கொண்டு இன்றைய உரிமைக் கோட்பாடு குறளிலேயே உள்ளது என்று கூறுதல் பொருந்தாது. மருத்துவன்வழி நிற்றலையும் பரிமேலழகர் நோயுற்றவனின் இயல்பாகவே கூறுகிறார். மருத்துவர் சொற்படி நடத்தலே நோயாளியின் கடன் என்ற பழைய நோக்கு அதில் வெளிப்படை. மரபிலிருந்து பெறத்தக்கது ஒரு தெளிவு மட்டுமே: நோயாளியின் பக்கத்தில் நிற்பது வேறு, நோயாளியின் இடத்தில் நிற்பது வேறு.

உண்மையை மறைத்தல்

குணமாக்க இயலாத நோய் என்று தெரிந்ததும் அதனை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று உறவினர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது இந்தியக் குடும்பங்களில் அரிதன்று. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. உண்மை, நோயாளியின் மனத்தை முறித்துவிடும் என்ற அச்சம் மெய்யானது. செலவைச் சுமப்பவரும் இரவில் கண்விழித்திருப்பவரும் குடும்பத்தினரே என்பதும் மெய்யே. நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர் ஆகியோர் நோயாளிக்கும் குடும்பத்திற்கும் நலம் தரும் அளவில் நோய்நிலையை அறிந்திருக்குமாறு மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்னும் 2002ஆம் ஆண்டு விதியும் குடும்பத்தைக் கணக்கில் கொண்டதே.

ஆயினும் மறைத்தலின் விலையை யார் செலுத்துகிறார் என்பதைக் கருத வேண்டும். எஞ்சியுள்ள காலம் சிறிது என்று அறிந்தவர் தம் கடன்களை ஒழுங்குபடுத்தலாம். காண விரும்பியவரைக் காணலாம். துன்பம் மிகுந்த மருத்துவத்தைத் தவிர்த்து வீட்டில் இருக்க விரும்பலாம். அறியாதவர்க்கு இவற்றுள் எதுவும் இயலாது. பிறர் அறிந்த செய்தி ஒன்று தம்மிடம் மட்டும் மறைக்கப்படுகிறது என்பதைப் பல நோயாளிகள் முகக்குறிப்பிலிருந்தே உணர்ந்துகொள்கின்றனர். அந்நிலையில் அவர்க்கு அச்சமும் நீங்குவதில்லை. அதனைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாத தனிமையும் வந்து சேர்கிறது. அன்பினால் செய்த மறைப்பு, அன்புடையாரிடமிருந்தே அவரைப் பிரித்துவிடுகிறது.

எவ்வளவு சொல்வது, எம்மொழியில் சொல்வது

மருத்துவத்தின் இயல்பு, நோக்கம், பயன், வேறு வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடிய விளைவு ஆகியன நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்தது. ஆனால் அதன் அளவை மருத்துவத் துறையினர் ஏற்கும் நடைமுறையைக் கொண்டே அது வரையறுத்தது. நோயாளியின் நோக்கில் எது முதன்மையானதோ அதனை அளவாகக் கொள்ளும் அமெரிக்க முறையை ஏற்கவில்லை. பெரும்பாலோர் வறியர், கல்வி குறைந்தவர், மருத்துவச் சொற்களைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்னும் இந்தியச் சூழல் காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல், குறிப்பிட்ட நோயாளி எதனை முதன்மையாகக் கருதுவாரோ அதுவும் சொல்லப்பட வேண்டும் என்ற நிலைக்கு மாறியது.

நீதிமன்றம் சுட்டிய சூழல் மெய்யானது. அதிலிருந்து பெறப்பட்ட முடிவு அறவியல் நோக்கில் மறு ஆய்வுக்குரியது. கேட்பவர்க்கு விளங்கவில்லை என்பது குறைவாகச் சொல்வதற்கான காரணமாகுமா, தெளிவாகச் சொல்வதற்கான காரணமாகுமா? நிலம் விற்கும் உழவர், பத்திரத்தின் சட்டச் சொற்களை அறியார். ஆயினும் எந்த நிலம், எவ்வளவு விலை, பின்னர்த் தமக்கு என்ன எஞ்சும் என்பவற்றைத் தம் மொழியில் கேட்டறிந்தே கைநாட்டு வைக்கிறார். கருப்பையை அகற்றுதல் என்பதன் பொருளையும் அவ்வாறே எளிய சொற்களில் கூற இயலும். இனிக் கருத்தரிக்க இயலாது, மாதவிடாய் வராது என்று கூறினால் எழுத்தறியாதவர்க்கும் விளங்கும். கல்லாமை அறியாமையன்று. தம் உடலில் எதனை இழக்கலாம், எதனை இழக்க ஒண்ணாது என்பதைப் பள்ளி செல்லாதவரும் அறிவார்.

ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தைக் கொடுத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் சுட்டிக்காட்டுவது இந்நோக்கில் வெறும் நடைமுறைக் குறையன்று; இசைவையே இல்லாததாக்கும் செயலாகும். பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்று, அங்குள்ள மொழியை எழுதப் படிக்க அறியாது வாழ்வோரின் நிலை இன்னும் கடினமானது. அவர்க்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உதவி, மருந்துக்கு நிகரான தேவையாகும்.

மருத்துவர்க்கு நேரமில்லை என்பது வலுவான மறுப்பு. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையில் ஒவ்வொருவரிடமும் நீண்ட நேரம் பேசுதல் அரிது. இதன் பழியை மருத்துவர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. விளக்கிக் கூறுதற்கெனப் பயிற்சி பெற்றோரை அமர்த்துதலும், தாய்மொழிப் படிவங்களை முன்கூட்டியே வழங்குதலும் மருத்துவமனை நிர்வாகத்தின் கடமையாகும்.

பொறுப்பளிக்கும் உரிமை

எல்லா உண்மையையும் எல்லார்மீதும் திணிப்பது உரிமையைக் காப்பதாகாது. எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் மகளிடம் சொல்லுங்கள் என்று நோயாளி கூறலாம். அதுவும் அவருடைய முடிவே. அவர் விரும்பி ஒப்படைத்த பொறுப்பும், அவரைக் கேளாமல் பிறர் எடுத்துக்கொண்ட பொறுப்பும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் அறத்தில் வேறானவை. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரிடம் பேசலாம் என்று முதலில் நோயாளியைக் கேட்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி.

அண்மைக்காலச் சட்டங்கள் இத்திசையில் நகர்ந்துள்ளன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எம்முறை மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்கான பிரதிநிதியைத் தாமே நியமிக்கவும் இடமளிக்கிறது. உயிர்நீட்டிப்பு மருத்துவம் குறித்த முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. குற்றவியல் நடுவரின் சான்றொப்பம் வேண்டும் என்றிருந்த அதன் கடின நடைமுறையை 2023இல் எளிமையாக்கி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்றது. இவ்விரண்டிலும் குடும்பம் விலக்கப்படவில்லை. நோயாளி தேர்ந்தெடுத்ததால் குடும்பம் பேசுகிறது.

முடிவுரை

மருத்துவத்தில் இசைவு என்பது நோயாளியின் மனத்தில் நிகழ்வது. கையொப்பம் அதன் அடையாளம் மட்டுமே. அடையாளம் இருந்து பொருள் இல்லாதபோது அப்படிவம் வெற்றுத்தாளாகிறது. மருத்துவரின் நல்லெண்ணமும் உறவினரின் அன்பும் மருத்துவத்திற்கு இன்றியமையாதவை. அவை நோயாளியின் இசைவுக்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது. விளக்கிக் கூறுதலை மருத்துவத்தின் ஒரு கூறாகவும், நோயாளியைக் கேட்டலை அன்பின் ஒரு கூறாகவும் கொள்ளும்போதே சட்டம் எழுதிவைத்த உரிமை கட்டிலில் கிடப்பவரைச் சென்றடையும். அக்கட்டிலில் என்றேனும் ஒருநாள் எவரும் கிடக்க நேரும் என்பதால், இது நோயாளிகளை மட்டும் பற்றிய வினா அன்று.