இயற்கை, பாவம், குற்றம்: தன்பாலீர்ப்பும் இந்தியத் திருச்சபைகளின் விவிலிய வாசிப்பும்

இந்தியக் கிறித்தவ இறையியல் கல்வியில் புனே நகரத்துக்குத் தனி இடம் உண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் முயற்சியால் 1893 இல் இலங்கையின் கண்டியில் தொடங்கப்பட்ட பாப்பிறைக் குருமடம் 1955 இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்தது. அதையொட்டி வளர்ந்த ஞானதீப வித்யாபீடம் நாட்டின் பல மறைமாவட்டங்களிலிருந்து வரும் குருமாணவர்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பிக்கிறது. யவத்மாலில் 1953 இல் தோன்றி 1983 இல் புனேயின் பிப்வேவாடிக்கு வந்த யூனியன் பிப்ளிகல் செமினரி, விவிலியத்தின் முழு அதிகாரத்தையும் தனிமனித மனமாற்றத்தையும் முதன்மையாகக் கொள்ளும் நற்செய்தி மரபினருக்குப் போதகர்களை உருவாக்குகிறது. இதே நகரின் தெருக்களில்தான் 2011 டிசம்பரில், தம் பாலினத்தவரிடமே காதலும் உடல் ஈர்ப்பும் கொள்ளும் இயல்புடையோராகிய தன்பாலீர்ப்பாளரும் திருநரும் புனேயின் முதல் சுயமரியாதைப் பேரணியை நடத்தினர். அப்பேரணியில் நடந்தவர்களுள் கிறித்தவரும் இருந்திருக்கக்கூடும் என்ற எளிய உண்மையை மனத்தில் கொண்டாலே, தன்பால் உறவு பாவமா என்பது திருச்சபைக்கு வெளியே எழுந்த வினா அன்று, அதன் பீடங்களுக்கு முன்னால் மண்டியிடுவோரின் வினா என்பது விளங்கும்.

இவ்வினாவை அணுகுமுன் பாவம் வேறு, குற்றம் வேறு என்ற பிரிவினையைத் தெளிவாக்கிக்கொள்வது இன்றியமையாதது. 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்ற 377 ஆம் பிரிவு, இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவைத் தண்டனைக்குரியதாக்கியது. அதன் வேர், திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்துவந்த ஒரு பாவத்தை அரசின் தண்டனைக்குரிய குற்றமாக மாற்றிய எட்டாம் ஹென்றி காலத்து 1533 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தில் இருக்கிறது. தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று இப்பிரிவின் வீச்சைக் குறைத்தபோது, அத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் அப்போஸ்தலிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்றும் உத்கல் கிறித்தவ மன்றமும் இருந்தன. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவை மீட்டபோதோ, அப்போது மும்பைப் பேராயராக இருந்த கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், ஒருபால் திருமணத்தைத் தம் திருச்சபை ஏற்கவில்லை என்றாலும் தன்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாக அது ஒருபோதும் கருதியதில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 ஆம் நாள் தீர்ப்பு வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியதோடு சட்ட வினா பெருமளவு தீர்ந்தது. ஒரு செயலைப் பாவம் என்று நம்புகிறவர்கூட அதற்காக அண்டை வீட்டாரைச் சிறைக்கு அனுப்பக் கேட்பது நற்செய்தியோடு பொருந்தாது. சில சபைகள் நீதிமன்றத்தில் அதைக் கேட்டது வருந்தத்தக்கது.

சட்டம் விலகிய பின் எஞ்சுவது விவிலியம். மேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் சோதோம் நகரின் கதை (தொடக்கநூல் 19) இவ்விவாதத்துக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. அங்கு விவரிக்கப்படுவது விருந்தினராய் வந்தவர்மீது கும்பல் ஒன்று ஏவ முனையும் பாலியல் வன்முறை. நீதித்தலைவர்கள் நூலின் 19 ஆம் அதிகாரம் கிபியாவில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததாகக் கூறும் கொடுமையும் அதே அமைப்புடையது. சோதோமின் குற்றத்தை எடுத்துரைக்கும் எசேக்கியேல் இறைவாக்கினர், செருக்கும் மிகுந்த உணவும் கவலையற்ற வாழ்வும் கொண்டிருந்தும் ஏழைக்கு உதவாமையை முதலில் வைத்து, அருவருப்பான செயல்களை அதன் பின்னரே குறிப்பிடுகிறார். மனமொத்து வாழும் இருவரின் உறவைக் கும்பல் வன்முறையோடு ஒப்பிடும் வழக்கத்தைப் போதகர்கள் கைவிடுவது நேர்மையாகும். லேவியர் நூலின் தடை (18:22, 20:13) அவ்வாறு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இருவகை நூலால் நெய்த ஆடையை விலக்கும் கட்டளையும் அதே நூலில்தான் உள்ளது என்று சுட்டுவோருக்கு, சடங்குக் கட்டளைகள் கிறித்துவில் நிறைவுபெற்றன, ஒழுக்கக் கட்டளைகள் நீடிக்கின்றன என்ற பழைய பிரிவினையை மரபினர் விடையாகத் தருகின்றனர்; எருசலேம் சங்கம் விருத்தசேதனத்தைப் பிற இனத்தார்மேல் சுமத்தாமல் விட்டபோதும் பரத்தைமையை விலக்கியே வைத்தது (திருத்தூதர் பணிகள் 15) என்பதும் அவர்கள் பக்கத்து வலுவான சான்று.

வாதத்தின் மையம் உண்மையில் உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் முதல் அதிகாரம். படைத்தவரை விட்டுப் படைப்பை வணங்கியோர், இயல்பான உறவை விட்டு இயல்புக்கு மாறானதைக் கைக்கொண்டனர் என்று பவுல் அங்குக் கூறுகிறார். பின்னாளில் தாமஸ் அக்குவினாஸ் ஒழுங்குபடுத்திய இயற்கைச் சட்டக் கோட்பாடும், அதாவது படைப்பின் நோக்கத்தை அறிவால் உணர்ந்து அதிலிருந்து ஒழுக்கத்தைப் பெறும் முறையும், 377 ஆம் பிரிவின் சொல்லாட்சியும் இக்கருத்துலகில் வேரூன்றியவையே. ஆனால் பவுலின் இயற்கை ஒரே பொருளில் நிற்பதில்லை. ஆண் நீண்ட முடி வளர்ப்பது இழிவு என்பதையும் இயற்கையே கற்பிக்கிறது என்று அவர் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:14). உரோமையர் திருமுகத்தின் 11 ஆம் அதிகாரத்திலோ, காட்டு ஒலிவக் கிளையாகிய பிற இனத்தாரைக் கடவுளே இயற்கைக்கு மாறாக நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைத்தார் என்று அதே தொடரால் கடவுளின் அருட்செயலைக் குறிக்கிறார். இவற்றுள் ஒன்றைப் படைப்பின் மாறா ஒழுங்காகவும் மற்றொன்றைக் காலத்தின் வழக்கமாகவும் கொள்பவர், அவ்வாறு பிரிப்பதற்கான அளவுகோலைக் காட்டக் கடமைப்பட்டவர்.

அத்தகைய அளவுகோலைத் தேடிய வரலாறு தமிழருக்கு அயலானதன்று. புனேயில் இயேசு சபை மாணவர் தங்கிப் பயிலும் இல்லத்தின் பெயர் தெ நொபிலி கல்லூரி. தத்துவ போதகர் எனத் தமிழில் அறியப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1606 இல் மதுரைக்கு வந்து, குடுமியும் பூணூலும் சந்தனமும் சமூக அடையாளங்களே அன்றிச் சமய அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். கடும் எதிர்ப்புக்குப் பின் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 இல் அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். நற்செய்தியையும் அதைக் கொண்டுவந்த ஐரோப்பியரின் பழக்கத்தையும் பிரித்தறிய முடியும், பிரித்தறிய வேண்டும் என்பது அப்போது நிலைநாட்டப்பட்ட கொள்கை. அதே அணுகுமுறை சாதிப் பிரிவினையையும் வெறும் சமூக வழக்கமென ஏற்று, ஒடுக்கப்பட்ட கிறித்தவருக்கு நீண்டகாலத் துயரை விட்டுச்சென்றது. எனவே பண்பாடு என்ற ஒரு சொல்லால் எதையும் நியாயப்படுத்திவிட முடியாது. எவருடைய வாழ்வு நசுக்கப்படுகிறது என்று கேட்பதும் வாசிப்பின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே தலித் இறையியல் கற்பித்த பாடம்.

மரபு வாதத்தின் உண்மையான வலிமை தனித்தனி வசனங்களில் இல்லை. மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்து இருவரும் ஓருடலாவர் என்று தொடக்கநூல் கூறுவதை, மணவிலக்கு பற்றிய வினாவுக்கு விடையாக இயேசுவே எடுத்துரைக்கிறார் (மத்தேயு 19). தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவு அளித்துவருவதைச் சுட்டி, 1 திமொத்தேயு கூறும் தடையைக் கடந்தவர்கள் இதையும் கடக்கலாமே என்று கேட்பது இயல்பு. ஆனால் பெண்களின் பணிக்குத் தெபோராவும் பெபேயாவும் விவிலியத்திலேயே சான்றாக நிற்க, ஒருபால் இணைவுக்கு அத்தகைய சான்று ஏதுமில்லை என்ற மறுமொழியை மதிக்காமல் கடந்துபோக இயலாது. 1998 இல் ஆங்கிலிக்க ஆயர்களின் லாம்பெத் மாநாடு தன்பால் உறவு மறைநூலோடு பொருந்தாது என்று தீர்மானித்ததும் இவ்வடிப்படையில்தான். அதே தீர்மானம் தன்பாலீர்ப்பாளரின் அனுபவத்துக்குச் செவிகொடுக்கவும் உறுதியளித்தது என்பதை இந்தியச் சபைகள் மறந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

மத்தேயுவின் அதே அதிகாரம் அடுத்த வசனங்களிலேயே வேறொரு வாயிலையும் திறக்கிறது. பிறப்பிலிருந்தே அண்ணகராய் இருப்போரைப் பற்றியும் விண்ணரசின் பொருட்டு மணவாழ்வைத் துறப்போரைப் பற்றியும் பேசும் இயேசு, அருள்பெற்றவரே அக்கூற்றை ஏற்க முடியும் என்கிறார். பவுலும் மணமின்மையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வழங்கப்படும் கொடையாகவே காண்கிறார் (1 கொரிந்தியர் 7). இக்கொடை தனக்கு உண்டா என்பதைத் தேர்ந்து தெளியவே புனேயின் குருமாணவர் ஒருவருக்குப் பல ஆண்டுகள் தரப்படுகின்றன. இல்லை என்று உணர்ந்தால் அவர் குற்றமின்றி வெளியேறி மணம் புரிந்துகொள்ளலாம். கத்தோலிக்க மறைக்கல்வி தன்பாலீர்ப்பாளரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவும் நியாயமற்ற பாகுபாட்டைத் தவிர்க்கவும் பணிக்கிறது. கூடவே அவர்கள் அனைவரும் வாழ்நாள் முழுதும் கற்புநெறியில் உறவின்றி வாழ அழைக்கப்பட்டவர்கள் என்றும் கற்பிக்கிறது. அவர்களுக்குத் தேர்ந்து தெளியும் ஆண்டுகளும் இல்லை, வெளியேறும் வாயிலும் இல்லை. ஆழவேரூன்றிய தன்பாலீர்ப்பு உடையோரைக் குருமடத்தில் சேர்க்கலாகாது என்ற 2005 ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிவுறுத்தலோ, மணமின்மையை விதியாகப் பெற்ற அவர்களையே மணமின்மை கோரும் பணிக்குத் தகாதவர் என்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வெளியான வத்திக்கான் ஆவணம், வழிபாட்டுச் சடங்காக அல்லாமல், ஒருபால் இணையருக்கும் எளிய ஆசி வழங்கக் குருக்களுக்கு இடமளித்தது. ஆனால் கொடையாக அன்றிக் கட்டளையாகச் சுமத்தப்படும் துறவை எந்த வசனம் நியாயப்படுத்துகிறது என்ற வினாவுக்கு அது விடை தரவில்லை, லாம்பெத் தீர்மானமும் தரவில்லை.