பூட்டிவைத்த கார்ட்ரிட்ஜ் யாருக்கு உரியது?

போக்கிமான் விளையாட்டுகளை உருவாக்கும் ஜப்பானின் கேம் ஃபிரீக் நிறுவனம் 2024 அக்டோபரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆகஸ்டு மாதத்தில் தன் சர்வருக்குள் யாரோ சட்டவிரோதமாகப் புகுந்துவிட்டார்கள், ஊழியர்கள், முன்னாள் ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் ஆகியோரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அடங்கிய 2,606 பதிவுகள் கசிந்துவிட்டன என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தது. அதே நாள்களில் பழைய கையடக்க விளையாட்டுகளின் மூல நிரல்களும், வெளிவராத வரைபடங்களும், கைவிட்ட கதைக் குறிப்புகளும் இணையமெங்கும் பரவின. அச்சேற்றும் எண்ணமே இல்லாமல் என்றோ எழுதிப்போட்ட கதை வரைவுகளைப் பிடித்துக்கொண்டு ஊர் உலகமே எள்ளி நகையாடியது. பரப்பியவர்களில் பலர் சொன்ன நியாயம் ஒன்றுதான்: வரலாற்றைப் பாதுகாக்கிறோம்.

அந்தச் சொல்லுக்கு நேர்ந்த இழுக்குதான் மனத்தை உறுத்துகிறது. இருபது முப்பது ஆண்டுகளாக, வெளிவராமல் போன விளையாட்டுகளின் முன்மாதிரிகளைத் தேடி, சொந்தப் பணத்தில் வாங்கி, படியெடுத்துப் பொதுவில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். சர்வரை உடைத்தவனும் இன்று அவர்கள் வரிசையில் நின்றுகொள்கிறான். விளைவு, பகிர்வது எல்லாமே திருட்டு என்று ஒரு சாராரும், பழையது எதையும் எப்படியும் எடுக்கலாம் என்று இன்னொரு சாராரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டும் தவறு. நேரிய வழியில் ஒருவர் கைக்கு வந்த முன்மாதிரியைப் பிறர் பார்வைக்குத் தராமல் பூட்டிவைப்பது அறமாகாது. களவாடி எடுத்ததை எந்தப் பெயரிட்டுப் பரப்பினாலும் அது களவே.

பிறந்த கதை தெரிந்தால்தான் இந்த முன்மாதிரிகளின் அருமை விளங்கும். நிண்டெண்டோவின் கேம் பாய் 1989-இல் வெளிவந்தது. அதற்கும் அதன் பின் வந்த வண்ணத் திரைக் கேம் பாய் கலருக்குமாக விளையாட்டு செய்த நிறுவனங்கள், வேலை முடிவதற்கு முன்பே சோதனைக் கார்ட்ரிட்ஜ்களைத் தயாரித்தன. பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுவோருக்குச் சில போகும். கண்காட்சி மேசைகளுக்குச் சில, பிழை பார்ப்பவர்களுக்குச் சில. கடைக்கு வந்த கார்ட்ரிட்ஜில் நிரல் சில்லிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். சோதனைக் கார்ட்ரிட்ஜிலோ பெரும்பாலும் ஈப்ராம் எனப்படும் சில்லு இருக்கும். அதன் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு, புற ஊதா ஒளி பட்டால் எழுதியது அழிந்துவிடும். மறுபடி மறுபடி எழுதிப் பார்க்க வசதியாக அப்படிச் செய்தார்கள். வெயில் படாதிருக்க அந்தச் சாளரத்தின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அதில் தேதியைக் கையால் எழுதிவைப்பார்கள். ஸ்டிக்கர் ஒழுங்காக இருந்தாலும் சில்லில் தேங்கிய மின்னூட்டம் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் சில எழுத்துகள் மாறிவிடும், பிறகு விளையாட்டு ஓடாது. நிறுவனம் மூடப்பட்டிருந்தால், மேசையைக் காலி செய்தவர்கள் மூலத்தையும் தூக்கி எறிந்திருந்தால், உலகில் அந்தப் படைப்பின் ஒரே பிரதி அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது சட்டத்தின் கணக்கைப் பார்க்கலாம். நிறுவனத்துக்காகச் செய்த, ஆனால் வெளியிடப்படாத ஒரு படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் தரும் பதிப்புரிமைக் காலம், உருவான நாளிலிருந்து 120 ஆண்டுகள். 1999-இல் எழுதிக் கைவிட்ட ஒரு விளையாட்டு 2119 முடிந்த பிறகுதான் பொதுவுக்கு வரும். அதுவரை அந்த ஈப்ராம் உயிரோடு இருக்காது. உரிமைக் காலம் முடியும்வரை காத்திருங்கள் என்று சொல்வதும் அழியட்டும் என்று சொல்வதும் இங்கே ஒன்றுதான். சட்டம் அறத்துக்குத் துணையாக வருமிடங்கள் பல உண்டு. இந்த இடத்தில் அது காலத்தை எண்ணத் தெரியாமல் நிற்கிறது.

வெளியான விளையாட்டுகளின் நிலையே நன்றாக இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் எந்த வடிவிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்ந்து சொன்னது. கேம் பாய் விளையாட்டுகளில் கிடைப்பவை 6 விழுக்காடு கூட இல்லை. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தாங்கள் பாதுகாக்கும் விளையாட்டுகளைத் தொலைவில் இருக்கும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. வாங்க வழியில்லை, நூலகத்திலிருந்தும் எட்டிப் பார்க்க வழியில்லை. விற்பனைக்கு வந்தவற்றுக்கே இந்தக் கதி என்றால் வராதவற்றை யார் காப்பது?

வள்ளுவர் பொருட்பாலில் நன்றியில் செல்வம் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தானும் துய்க்காமல் பிறர்க்கும் தராமல் சேர்த்துவைப்பவனுக்கு அங்கே கிடைக்கும் கண்டனம் கடுமையானது. ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்தோடு அவன் செல்வத்தை வைத்துப் பேசுகிறார். நாலடியாரும் அதே தலைப்பில் ஓர் அதிகாரம் தருகிறது. பொருள் வைத்திருப்பதன் பயன் ஈதலே என்று புறநானூற்றில் நக்கீரர் சொல்லி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன. இவர்களெல்லாம் பொன்னையும் நெல்லையும் நினைத்துச் சொன்னார்கள். பொன்னைக் கொடுத்தால் கொடுத்தவனுக்குக் குறையும். படியெடுக்கக்கூடிய ஒரு நிரலைக் கொடுத்தால் எதுவும் குறைவதில்லை. கார்ட்ரிட்ஜ் அவரிடமே இருக்கும், அலமாரியின் அழகும் போகாது. குறையும் பொருளையே கொடு என்று சொன்ன மரபு, குறையாத பொருளைப் பூட்டிவைப்பவரை என்ன சொல்லும்?

சேகரிப்பாளரின் வாதம் நாம் அறிந்ததே: பிரதி பரவினால் என் கார்ட்ரிட்ஜின் விலை விழுந்துவிடும். விலை பேசுவதற்காக ஒரு படைப்பைப் பிணையாக வைக்கும் பழக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. ரெசிடென்ட் ஈவில் விளையாட்டைக் கேம் பாய் கலருக்கு மாற்றும் வேலையைப் பிரிட்டனின் ஹாட்ஜென் நிறுவனம் செய்துகொண்டிருந்தது. தரம் போதாது என்று கேப்காம் 2000-இல் அதை நிறுத்திவிட்டது. சின்னஞ்சிறு திரையில், அவ்வளவு எளிய கருவியில், பிளேஸ்டேஷன் வடிவத்தின் காட்சிக் கோணங்களை அப்படியே கொண்டுவர முயன்ற துணிவான வேலை அது. பின்னாளில் அதன் முன்மாதிரியை வைத்திருந்த ஒருவர், 2,000 டாலர் சேர்ந்தால்தான் வெளியிடுவேன் என்றார். ஆர்வலர்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்த பிறகே 2012-இல் அது வெளிவந்தது. எழுதியவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு போயிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உழைத்தவன் ஒருவன், விலை வாங்குபவன் இன்னொருவன். அதைவிட முழுமையான வடிவங்கள் 2025-இல் காசு பணம் எதுவும் கேட்கப்படாமல் வெளிவந்தன. இரண்டு வழிகளில் எது செம்மையானது என்று கேட்கவும் வேண்டுமோ?

இன்ஃபினிட்டி என்ற கேம் பாய் கலர் விளையாட்டை எழுதியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெளியிட ஆள் கிடைக்காமல் பாதியில் நின்றுபோன அதைத் தாங்களே 2016-இல் இலவசமாகப் பொதுவில் வைத்தார்கள். ஆக்கியவன் கையாலேயே கொடை நடந்தது. இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இப்படி வெளிவரும் முன்மாதிரிகளால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. போக்கிமான் கோல்டு, சில்வர் விளையாட்டுகள் ஜப்பானில் 1999 நவம்பரில் வெளிவந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1997-இல், ஸ்பேஸ்வேர்ல்டு கண்காட்சிக்கு வந்தவர்கள் அவற்றின் சோதனை வடிவத்தை ஆடிப் பார்த்தார்கள். அந்த வடிவம் 2018-இல் பொதுவெளிக்கு வந்தபோது தெரிந்தது, வெளியானதற்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று. ஜப்பான் முழுவதையும் ஒரே வரைபடத்தில் அடக்க முயன்றிருந்தார்கள். இறுதியில் இடம்பெறாத உயிரினங்கள் பல அதில் உலவின. வரைந்ததை அழித்து, அழித்ததைத் திரும்ப வரைந்து ஒரு குழு தன் தொழிலைக் கற்றுக்கொண்ட விதம் அங்கே கண்முன் நிற்கிறது. முடிந்த பொருளிலிருந்து இதைக் கற்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் முன் பகிரங்கமாக ஆடவைத்த ஒன்று அது என்பதால், யாருடைய மறைவையும் அது குலைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆக்கியவர்கள் தங்கள் அரைகுறை வேலையை மறைத்துவைக்க விரும்பலாமே என்பது எதிர்வாதம். அதற்கும் மதிப்புத் தரவேண்டும். நூலாசிரியரின் அனுமதியின்றி நூலைப் பதிப்பிப்பது அநீதி என்று கான்ட் 1785-இல் எழுதினார். தன் காவியத்தை எரித்துவிடச் சொன்னார் வர்ஜில் என்பார்கள். காஃப்காவும் தன் கையெழுத்துப் படிகளை எரிக்கும்படி நண்பரிடம் கேட்டுக்கொண்டார். இருவர் சொல்லும் மீறப்பட்டது, உலகம் அந்த நூல்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. உருவாக்கியவர் உயிரோடு இருந்தால், நிறுவனம் நடந்துகொண்டிருந்தால், முதலில் கேட்பது கடமை. வேஃபார்வேர்டு நிறுவனம் இருபதாண்டு முன்னர் நிறுத்திய ஷாண்டே அட்வான்ஸ் விளையாட்டைத் தானே முடித்து 2025-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய முயற்சிக்கு வழிவிட வேண்டும். ஆனால் பிரதி பரவினாலே வணிகம் கெடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை மெலிது. வீட்டுக் கருவிக்கான ஸ்டார் ஃபாக்ஸ் 2 பல ஆண்டு இணையத்தில் உலவிய பிறகும் நிண்டெண்டோ 2017-இல் அதை வெளியிட்டது. எர்த்பவுண்டின் முதல் பாகத்தை ஆர்வலர்கள் 1998-லேயே ஒரு முன்மாதிரியிலிருந்து படியெடுத்துவிட்டார்கள், 2015-இல் நிறுவனமே அதைக் கடையில் வைத்தது.

இவை எவையும் சர்வரை உடைத்தவனுக்குத் துணை வாரா. அவன் எடுத்தது அழியும் நிலையில் இருந்த ஒரே பிரதி இல்லை. உரியவர் பாதுகாப்பாக வைத்திருந்ததை, அவரது கதவை உடைத்து எடுத்தான். கூடவே ஊழியர்களின் பெயர்களையும் தெருவில் வீசினான். வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர், பெற்ற தாயின் பசியே காரணமானாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். தாயின் பசிக்கே இல்லாத விலக்கு ஒரு பழைய விளையாட்டின் மூல நிரலுக்கு எப்படிக் கிடைக்கும்? கள்ளாமை அதிகாரமோ, பிறன் பொருளைக் கள்வோம் என்று உள்ளத்தால் நினைப்பதையே குற்றமாக்குகிறது. அப்படி வந்ததைப் பெற்று மகிழ்பவரும், மறுபடி பரப்புபவரும் அந்தக் குற்றத்தில் பங்காளிகளே. பார்த்தது எத்தனை அரிய பொருளாக இருந்தாலும் பங்கு குறைவதில்லை.

ஆகவே இது அலமாரியில் முன்மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாளரத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். நம்பகமான ஒருவரைக் கொண்டு சில்லைப் படியெடுத்துவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் எங்கிருந்து, யார் வழியாக உங்களிடம் வந்தது என்பதை எழுதிவையுங்கள். அதில் யாருடைய தனிப்பட்ட விவரமாவது இருந்தால் நீக்குங்கள். ஆக்கியவரைத் தேடிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அல்லது கேட்க ஆளே இல்லாவிட்டால், படியைப் பொதுவில் வையுங்கள், அதற்கு விலை கேட்காதீர்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.