வாசலில் கிடந்தவரின் பங்கு



இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியின் செல்வர், தம் வாசலில் கிடந்த ஏழை இலாசரை அடிக்கவில்லை. ஆள் வைத்து விரட்டவில்லை. அவருடைய சொத்தைப் பறித்ததாகவும் ஆண்டவர் சொல்லவில்லை. செந்நிற ஆடை உடுத்தினார், நாள்தோறும் விருந்து உண்டார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவது இவ்வளவுதான். அப்படியானால் பாதாளத்தில் வதைபடும் அளவுக்கு அவர் என்ன பாவம் செய்தார்?

அங்கிருந்து அவர் பேசுவதைக் கவனியுங்கள். நாவறண்டு தவிக்கும்போது, இலாசரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கெஞ்சுகிறார். பெயர் சொல்லிக் கேட்கிறார். தம் வாசலில் புண்களோடு கிடந்தவரின் பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த நிலையிலும் இலாசரைத் தமக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய ஆளாகவே பார்க்கிறார். இது என்னை மிகவும் வருத்துகிறது.

அவர் கொடுக்காமல் விட்டது வெறும் இரக்கக் குறைவா, கடமை தவறிய குற்றமா? கடமை தவறிய குற்றம் என்றுதான் திருச்சபை தொடக்கம் முதல் போதித்து வருகிறது. அதற்கு முன்பே மோசேயின் சட்டம் இதைச் சொன்னது. வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்காதே, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்றது. போவாசின் வயலில் ரூத்து கதிர் பொறுக்கியது அந்த உரிமையில்தான்.

புனித பசிலியாரை நினைத்துப் பார்க்கிறேன். இன்றைய துருக்கியில் கைசேரி என்று அழைக்கப்படும் செசாரியா நகரில், 4ஆம் நூற்றாண்டில், அவர் ஆயராவதற்குச் சற்று முன்பு கொடும் பஞ்சம் வந்தது. வானம் பொய்த்தது. கடலுக்குத் தொலைவில் இருந்த ஊர். கப்பலில் தானியம் வர வழியில்லை. கையிருப்பு வைத்திருந்தவர்கள் விலை இன்னும் ஏறட்டும் என்று களஞ்சியங்களைப் பூட்டிக் காத்திருந்தார்கள். எந்தப் பிள்ளையை விற்று மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது என்று தவித்த தகப்பனின் நிலையைப் பசிலியார் தம் மறையுரையில் விவரித்திருக்கிறார். படித்தவர்களால் மறக்க முடியாத பகுதி அது.

அவர் செல்வர்களின் முகத்துக்கு நேராகப் பேசினார். நீ பதுக்கி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டிக்குள் கிடக்கும் ஆடை ஆடையற்றவனுடையது என்ற பொருளில் பேசினார். கொடுக்க முடிந்தும் கொடுக்காதவரைத் திருடரோடு சேர்த்தே எண்ணினார். அந்தப் பேச்சு பூட்டிய களஞ்சியங்களைத் திறக்க வைத்தது என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். பசியால் வாடியவர்களை ஒன்று கூட்டி, கொப்பரைகளில் கஞ்சி காய்ச்சி, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பசிலியாரே பரிமாறினார். ஆயரான பின் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் பெரிய இல்லங்களை எழுப்பினார். தம் குடும்பச் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்பதால்தான் அவர் சொல்லுக்கு அவ்வளவு வலிமை.

"சாமி, நான் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. இதில் அடுத்தவருக்கு என்ன உரிமை?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கண்மாய் மடை திறந்ததும் தண்ணீர் முதல் வயலுக்குத்தான் முதலில் பாய்கிறது. அதனால் கண்மாயே முதல் வயல்காரருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் வாய்க்காலை அடைத்தால் கடைமடைப் பயிர் கருகும். நல்ல உடல், படிக்க வைத்த பெற்றோர், சரியான நேரத்தில் கிடைத்த வேலை, இவையெல்லாம் நமக்கு முதலில் பாய்ந்த தண்ணீர்.

"கொடுத்தால் குடித்து அழிக்கிறார்கள்" என்பது இன்னொரு பேச்சு. அந்தியோக்கியாவில் இதே இலாசர் உவமையைப் பற்றித் தொடர்ந்து மறையுரைகள் ஆற்றிய புனித கிறிசோஸ்தோம், கையேந்துபவரின் நடத்தையை விசாரிப்பது நம் வேலையல்ல, அவருடைய தேவையைப் பார்ப்பதே நம் வேலை என்று போதித்தார். பணமாகக் கொடுக்கத் தயங்கினால் அரிசியாகக் கொடுங்கள், மருந்துக் கடையில் நீங்களே கட்டுங்கள். தயக்கத்தைச் சாக்காக்கிக் கையை மூடிக்கொள்ள வேண்டாம்.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடலில் கொடுக்கும் கடமையை நிதானமாக விளக்கினார். தம் தேவைக்கும் தம் நிலைக்கேற்ற வாழ்வுக்கும் போக மீதமுள்ளதிலிருந்து கொடுப்பது கடமை. ஆனால், ஒருவர் உயிருக்கே போராடும் நிலை தவிர, மற்றப்படி அதைச் சட்டத்தால் வற்புறுத்த முடியாது. அது அன்பின் கடமை. நீதிமன்றம் கேட்காது, கடவுள் கேட்பார். உயிர் போகும் நிலையில் இருப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டால் அது திருட்டே ஆகாது என்றும் புனித தாமஸ் அக்குவினார் எழுதியிருக்கிறார். மீதம் எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்கிறோம். அதனால் நம் மீதம் எப்போதும் சுருங்கிக்கொண்டே போகிறது. வீட்டின் மேல்மாடி, இரண்டாவது கார், ஊர் வியக்கும் கல்யாணம் எல்லாம் நமக்குத் 'தேவை' ஆகிவிட்டன.

கொடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். மின்விசிறியின் இறக்கையிலும் பெயர் எழுதும் வழக்கம் நம் ஆலயங்களில் இருக்கிறது. உரியவருக்கு உரியதைத் திருப்பித் தரும்போது கல்வெட்டு எதற்கு? திருவிழாத் தேருக்கு லட்சம் தருபவர், தம் கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு நியாயமான கூலி தரவில்லை என்றால் அந்த லட்சத்தை நான் காணிக்கையாக எண்ணமாட்டேன். பிடித்து வைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். சக்கேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அதோடு நிற்காமல், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் வேலை செய்பவருக்குச் சம்பள பாக்கி இருந்தால் நாளைக்கே அதைக் கொடுத்துவிடுங்கள். பிறகு நம் வின்சென்ட் தே பவுல் சபையாரைப் பாருங்கள். யாருக்கு டயாலிசிஸ் செலவு நிற்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் தேவையை ஓர் ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம், அறிவிப்பிலும் நான் வாசிக்கமாட்டேன். திருப்பலி முடிந்ததும் அவர்கள் ஆலய வாசலில் இருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.