யாருடைய நேரம்

1918-இல் சென்னை பெரம்பூர்ப் பக்கம், பின்னி நிர்வாகத்தின் கீழ் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை பற்றியது. கொண்டுவந்த சோற்றைத் தின்று, கை கழுவி, சற்று மூச்சு வாங்குவதற்குள் எந்திரத்தின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. இன்னும் சில நிமிடம் வேண்டும் என்றார்கள். வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அன்னி பெசண்டின் ‘நியூ இந்தியா’ இதழில் இருந்த பி. பி. வாடியாவிடம் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் அதைக் குறிக்கின்றன.

சமதர்மத் தத்துவம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தச் சில நிமிடங்களிலிருந்துதான் தொடங்குவேன். பணக்காரனிடம் இருப்பதைப் பிடுங்கி ஏழைக்குப் பகிர்வதுதான் சமதர்மம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரம்பூர்த் தொழிலாளி அன்று யாருடைய சொத்தையும் கேட்கவில்லை. தன் நாளில் ஒரு துண்டைத் திருப்பிக் கேட்டான். அந்தத் துண்டு எப்படித் தன் கையை விட்டுப் போயிற்று என்று அவன் யோசிக்கத் தொடங்கினால், மார்க்சின் ‘மூலதனம்’ நூலில் பாதித் தூரம் வந்துவிடுவான்.

1867-இல் வெளியான அந்த நூலில் வேலைநாளைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் உண்டு. இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அரசுக்கு எழுதிய அறிக்கைகளை வரி வரியாகப் படித்து மார்க்ஸ் அதை எழுதினார். காலையில் சில நிமிடம் முன்னதாக எந்திரத்தை ஓட்டுவது, உணவு வேளையின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் அரிப்பது, மாலையில் சில நிமிடம் தாமதித்து நிறுத்துவது. ஒவ்வொன்றும் அற்பம்தான். ஆனால் ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் நாட்கணக்கில் வரும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியிருந்தார்கள். மார்க்சைப் பொறுத்தவரை அந்தச் சில்லறைத் திருட்டு முழுக் கதையும் ஆகாது. திருட்டே இல்லாமல், ஒப்பந்தப்படி எல்லாம் சரியாக நடக்கும் ஆலையிலும் வேலைநாள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்றார். முதல் பகுதியில் தொழிலாளி தன் கூலிக்கு ஈடானதை உண்டாக்கிவிடுகிறான். மீதி நேரத்தில் உண்டாவது உடைமையாளருக்குப் போகிறது. உபரி மதிப்பு என்று அவர் சொன்னது இதைத்தான். எங்கே ஒரு பகுதி முடிந்து மறுபகுதி தொடங்குகிறது என்று எந்தச் சங்கும் ஊதிக் காட்டுவதில்லை.

தறியும் கட்டடமும் என்னுடையவை, அதற்கான பங்கை எடுக்கிறேன் என்பது உடைமையாளரின் பதில். சமதர்மம் சமூகத்தைப் பார்க்கும் பார்வை இந்த இடத்தில்தான் தனித்துத் தெரிகிறது. தறியை வார்த்தவர்கள் யார்? பஞ்சை விளைவித்தவர்கள், அதை ஏற்றி வந்த ரயில் பாதையைப் போட்டவர்கள், அந்தத் தொழிலாளியைப் பெற்று வளர்த்தவர்கள் யார்? எந்திரம் என்று நாம் காண்பது முகம் தெரியாத ஆயிரம் பேரின் முடிந்துபோன உழைப்பு. அதைத் தன்னுடையது என்று ஒருவர் சொல்வதன் நடைமுறைப் பொருள், தன் நிபந்தனைக்கு ஒப்பாமல் மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது என்பதுதான். மற்றவர்களே இல்லாத இடத்தில் உடைமை என்று ஒன்று கிடையாது. ஆகவே அது மனிதருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைவிட, மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு. உங்கள் வேட்டியையும் வீட்டையும் பற்றிச் சமதர்மத்துக்குக் கவலையில்லை. பிறருடைய நாளை ஆளும் அதிகாரத்தைத் தரும் உடைமை பற்றித்தான் அதன் வழக்கு.

நல்ல முதலாளி ஒருவர் கிடைத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. ஸ்காட்லாந்தின் நியூ லானர்க்கில் 1800 முதல் ராபர்ட் ஓவன் பஞ்சாலை நடத்தினார். வேலை நேரத்தைக் குறைத்தார், 1816-இல் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார், ஆலை லாபத்திலும் ஓடியது. நாடெங்கிலுமிருந்து வந்து பார்த்தார்கள், வியந்தார்கள், திரும்பிப் போய்ப் பழையபடியே நடத்தினார்கள். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து ஆலை பதினான்கு மணி நேரம் ஓடும்போது என் ஆலை பத்து மணியில் நிற்க முடியாது என்ற போட்டிதான் அவர்களை ஓட்டியது. மனிதரின் குணத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பார் என்று சமதர்மம் சொல்வதன் நியாயம் இது. கடைசியில் 1847-இல் சட்டம்தான் பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி நேரம் என்று கோடு கிழித்தது.

சென்னையில் அந்தக் கோட்டைக் கிழிக்கும் கையே முதலில் கட்டப்பட்டது. 1920-இல் தகராறு முற்றியபோது, ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா முதலியோர் மீது நிர்வாகம் வழக்குத் தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் அவர்களுக்குத் தடை விதித்தது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு 1926-இன் தொழிற்சங்கச் சட்டத்தோடுதான் வந்தது.

ஆனால் சட்டமும் நீதிமன்றமும் அளித்த அடியைவிட ஆழமான அடி 1921-இல் உள்ளிருந்தே விழுந்தது. அந்த ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சேமிப்பும் நிலமும் இல்லாத அவர்களுக்குக் கூலியின்றி மாதங்களைக் கடத்தும் வலு இல்லை. வெளியே எந்தத் தெருவிலும் தங்களைச் சமமாக நடத்தாதவர்கள் ஆலை வாசலில் மட்டும் ‘தோழா’ என்று அழைப்பதை அவர்கள் எதை வைத்து நம்புவது? அவர்கள் குடியிருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளியின் கை தொழிலாளியின் கூரைக்குத் தீ வைத்தது. தொழிற்சங்க வரலாற்றைப் பெருமையோடு சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பாளிகளையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதியபோது, புளியந்தோப்பின் சாம்பலுக்குப் பதினைந்து வயது.

மீனவர் குடும்பத்தில் பிறந்த பொதுவுடைமைவாதி சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அவர் பின்னாளில் பெரியாரோடும் அவருடைய ‘குடிஅரசு’ இதழோடும் சேர்ந்து சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்து எழுதியது வேறு வேலை அல்ல. இந்த மண்ணில் வர்க்கத்தைப் பேச அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

உடைமையை அரசிடம் மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பிய நாட்டையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 1940 ஜூன் 26 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது. அனுமதியின்றி வேலையை விட்டு விலகினால் சிறை. இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தாலே வேலைக்கு வராத குற்றமாகக் கருதி, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு திருத்த உழைப்புத் தண்டனை. போர் நெருங்கிக்கொண்டிருந்தது என்பது காரணம். இருக்கட்டும். ஆலை மக்களுடையது என்று பலகையில் எழுதியிருந்தது, மணிக்கூடு மக்கள் கையில் இல்லை. இதைச் சமதர்மத்தின் எதிரிகள் சொல்வதைவிட, அதை நேசிப்பவர்கள் சொல்வதுதான் முக்கியம்.

பெரம்பூரின் சோற்றுப் பாத்திரத்துக்கு ஒரு கணம் திரும்ப வேண்டும். அதை யார் சமைத்தது? விடியலுக்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, சோறு வடித்துக் கட்டிக்கொடுத்த பெண்ணின் நேரம் எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் இல்லை. தன் உணவு வேளைக்காகப் போராடியவன் அந்த உணவுக்குள் இருந்த இன்னொருவரின் தூக்கத்தைப் பார்க்கவில்லை. ஆலையில் அவனுடைய உபரி நேரம் மறைந்து கிடந்ததுபோலவே, வீட்டில் அவளுடைய முழு நேரமும் மறைந்து கிடந்தது. ஒருவரின் மணித்துளி மற்றவரின் மணித்துளியைவிட மலிவு என்று எங்கெல்லாம் எழுதாமலே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் சுரண்டல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. உடைமைப் பத்திரமும் சாதியும் ஆண் என்ற அதிகாரமும் அந்த மலிவு விலையைக் குறிக்கும் வெவ்வேறு கைகள். எல்லோருடைய ஆயுளும் ஒரே மாதிரி தீர்ந்துபோவது, யாருடையதையும் திருப்பி வாங்க முடியாது. சமதர்மம் கேட்கும் சமத்துவம் இந்த இடத்தில் தொடங்குகிறது. பொருள்களைப் பங்கிடுவது அதன் பிறகு வரும் வேலை.

2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. பெரிய துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்களை ஒரு சட்டமன்றம் கவனிக்க அத்தனை காலம் ஆயிற்று. 2023 ஏப்ரலில் அதே சட்டமன்றம் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. முதலில் நிறுத்திவைத்தார்கள். பிறகு மே 1 அன்று, சிங்காரவேலரின் மே தினத்துக்கு நூறு ஆண்டு நிறைந்த நாளில், திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

எதிர்த்து நிறுத்த முடிந்ததற்குக் காரணம், அங்கே வேலைநாள் என்று ஒன்று எழுதப்பட்டிருந்தது. உணவகத்தின் வாசலில் வண்டியைச் சாய்த்து, கைப்பேசியைப் பார்த்தபடி ஆர்டருக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கு அது இல்லை. அவருக்கு ஆலை வாசல் கிடையாது, சங்கு கிடையாது. கொண்டுபோய்க் கொடுத்தால் காசு, காத்திருந்தால் எதுவும் இல்லை. அந்தக் காத்திருப்பும் வேலை நேரம்தான் என்று எழுதும் சட்டத்தை நாம் இன்னும் கேட்டு வாங்கவில்லை.